ஸுலெய்டேயும் இரண்டு மூடிகளும்

எங்கள் ஊரில் எஞ்சினைத் திறந்து பார்த்தவர்கள் மொத்தம் நாலு பேர் இருப்பார்கள். எஞ்சினைப் பற்றித் தெரிந்தவர்கள் பதினோராயிரம் பேர். ஊரின் மக்கள்தொகையே அவ்வளவுதான்.

சென்ற ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பெட்ரோலில் முப்பது சதவிகிதம் ஆல்கஹால் கலக்கும் சட்டம் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள்வரை இருபத்தேழு. பங்க் பலகையில் எத்தனால் என்று எழுதியிருக்கும். எங்கள் வாயில் அது எப்போதும் ஆல்கஹால்தான். மூன்று சதவிகிதம் கூடியதற்கு ஊர் போட்ட கூச்சலைக் கேட்டால், யாரோ டேங்கில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். ரப்பர் குழாய் ஊறிப்போகும், பம்பு கெடும், எஞ்சின் துருப்பிடிக்கும் என்று ரொட்டிக் கடை வாசலில் ஒரு கூட்டம், தேவாலய வாசலில் ஒரு கூட்டம். இதில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது ஊருக்கு வெளியே இருக்கும் கரும்பாலை. அந்த ஆல்கஹாலை வடிப்பதே அவர்கள்தான். மிச்சப் பாதிப் பேரின் வண்டி இருபது வருடமாகக் கலப்பே இல்லாத ஆல்கஹாலில் ஓடுகிறது. முழு பாட்டிலையும் குடிக்கிறவன், காபியில் ஒரு சொட்டு விழுந்துவிட்டது என்று அழுத கதைதான்.

இந்தக் கேள்விகள் எல்லாம் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஸுலெய்டே. எல்வியோவின் பங்க்கில் முப்பத்தாறு வருடமாக வண்டிகளுக்கு ஊற்றிக்கொண்டிருப்பவள். வயது ஐம்பத்தெட்டு. நான் அதே வளாகத்தின் ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஒஸ்மார். பதினெட்டு வருடமாக அவள் முதுகைப் பார்த்தபடிதான் டயர் கழற்றுகிறேன்.

"அக்கா, இந்தப் புது பெட்ரோலு எஞ்சினைக் கெடுத்துருமா?" என்று கண்ணாடியை இறக்கிக் கேட்பார்கள்.

"முப்பத்தாறு வருஷமா ஊத்துறேன். எஞ்சினெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஊத்துன கையைப் பாருங்க," என்று விரித்துக் காட்டுவாள். விரல் நுனியெல்லாம் வெடித்து, காய்ந்த கரும்புத் தோகை மாதிரி இருக்கும். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவள் சிரிப்புக்காகச் சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அவள் அப்பா கரும்பு வெட்டியவர். இவளும் பதினாலு வயதிலிருந்து வெட்டியவள். அந்த நாளில் தோட்டத்துக்குத் தீ வைத்துவிட்டுத்தான் வெட்டுவார்கள். ஊர் முழுக்கக் கரித்துகள் விழும், கொடியில் காயும் வெள்ளைத் துணி எல்லாம் புள்ளி புள்ளியாகும். எண்பத்தொன்பதாம் வருடம் ஆல்கஹாலுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆல்கஹால் மட்டுமே குடிக்கும் வண்டிகள் அப்போது ஊர் நிறைய. பங்க் வாசலிலிருந்து கல்லறைத் தோட்டம்வரை வரிசை நிற்கும், வரிசையில் அடிதடி நடக்கும். எல்வியோவின் அப்பாவிடம் வேலை பார்த்த இரண்டு பேர் அடிக்குப் பயந்து ஓடிவிட்டார்கள். வெட்டுக் கத்தி பிடித்த பெண் ஒருத்தி இருந்தால் கூட்டம் அடங்கும் என்று கிழவர் இவளைக் கூட்டி வந்து நிறுத்தினார். கூட்டம் அடங்கியது. அப்பா வெட்டியதை மகள் ஊற்ற ஆரம்பித்தாள். எல்வியோவுக்கு அப்போது நாலு வயது. அவளுடைய இடுப்பில்தான் உட்கார்ந்திருப்பான்.

இன்று அவன் முதலாளி. வளாகத்துக்குள் அவனை அவள் "முதலாளி" என்பாள். வெளியே பார்த்தால் "தம்பி". இந்த முறையை ஒருநாளும் அவள் மாற்றியதில்லை.

அவளுக்கு இன்னொரு முறையும் உண்டு. பெட்ரோலில் சந்தேகம் இருந்தால் பங்க்கிலேயே சோதித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது எங்கள் நாட்டில் வாடிக்கையாளரின் உரிமை. நூறு கோடு போட்ட உயரமான கண்ணாடிக் குடுவையில் பாதிக்குப் பெட்ரோல், மீதிப் பாதிக்கு உப்புத் தண்ணீர். மூடிப் பத்துத் தடவை கவிழ்த்து, கால்மணி நேரம் வைத்தால், ஆல்கஹால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் எத்தனை கோடு ஏறியிருக்கிறது என்று பார்த்து, இரண்டால் பெருக்கி, ஒன்று கூட்டினால் சதவிகிதம். மற்ற பங்க்குகளில் ஊற்றுகிறவர்களே கோட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஸுலெய்டே சொல்லமாட்டாள். குடுவையை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, "நீங்களே பாத்துச் சொல்லுங்க, நான் சொன்னா நான் சொன்னதாயிரும்," என்பாள். இந்த ஒரு வாக்கியத்தால் அவள் பேருக்கு ஊரில் பாதிரியார் பேரைவிட மரியாதை.

முப்பத்து நாலு வருடம் அது நேர்மையால். கடைசி இரண்டு வருடம், கோடு அவளுக்குத் தெரியாததால்.

இரண்டு கண்ணிலும் புரை. எனக்குத் தெரிந்தது தற்செயலாக. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் தொலைபேசியை என்னிடம் நீட்டி, "ஒஸ்மாரு, இதுல என்ன போட்டிருக்கு?" என்றாள். அரசாங்க மருத்துவமனையிலிருந்து வந்த செய்தி. கண் அறுவைக்கான வரிசையில் அவள் எத்தனையாவது ஆள் என்று இருந்தது. படித்துச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லிராத. பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, டிசம்பரோட கணக்கு முடியும். அதுக்கு முன்னாடி எல்வியோவுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குத்தான் அனுப்புவான். தீப்பிடிக்கிற சாமானைக் குருடி கையில யாரு குடுப்பா? இந்த வயசுல, இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு, வேற எவன் வேலை குடுப்பான்?"

சொல்லமாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. அதைப் பெரிய நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சமாளித்தாள். மீட்டரின் எண்களை மனக்கணக்கில் வைத்துக்கொண்டாள். டேங்க் நிரம்புவதைச் சத்தத்தில் கண்டுபிடித்தாள். ஆல்கஹாலா பெட்ரோலா என்பதற்கு மூக்கு இருந்தது. யார் வண்டி என்பதை எஞ்சின் உறுமுவதை வைத்தே சொல்லிவிடுவாள். நான் இந்தப் பக்கமிருந்து, "அக்கா, வெள்ளை வண்டி வருது," என்று பாட்டுப் பாடுகிற மாதிரி ஒரு குரல் கொடுப்பேன். அப்படியே ஆகஸ்ட் வந்துவிட்டது. இன்னும் நாலு மாதம்.

அந்த ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை. உடன் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் என்பதால் ஸுலெய்டே காலை ஆறிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். எங்கள் பக்கம் ஆகஸ்ட் குளிர்காலம்; தெற்கிலிருந்து குளிர் வந்து இறங்கியிருந்தது. மாலையில் அனேசியோ வந்தார். எழுபத்தொரு வயது. அவர் மனைவி நெல்சிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று தடவை விடியற்காலையில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் போய், ரிபெய்ராவ் நகரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்து கூட்டி வருவார். வண்டி பத்தொன்பது வருடத்துப் பழசு. பெட்ரோல், ஆல்கஹால் இரண்டையும் குடிக்கும் வகை. ஆனால் அவர் ஆல்கஹாலைத் தவிர எதையும் ஊற்றியதில்லை.

ஆல்கஹாலுக்கு ஒரே ஒரு வியாதி உண்டு, குளிர் ஆகாது. குளிர்ந்த காலையில் அது சுலபத்தில் பற்றாது. அதற்காகப் பழைய வண்டிகளில் பானெட்டுக்குள் ஒரு சின்ன டேங்க் வைத்திருப்பார்கள், முக்கால் லிட்டர் பிடிக்கும். அதில் பெட்ரோல் ஊற்றி வைத்தால், முதல் உசுப்புக்கு அதிலிருந்து கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு எஞ்சின் கிளம்பும். அதே பானெட்டுக்குள், பக்கத்திலேயே இன்னொரு டப்பா, முன்கண்ணாடியைத் துடைக்கத் தண்ணீர் ஊற்றுவது. இரண்டுக்கும் ஒரே மாதிரி கறுப்பு மூடி. மூடி மேல் சின்னதாய்ப் படம் இருக்கும், பத்தொன்பது வருடத்தில் அதுவும் தேய்ந்துபோயிருக்கும்.

"தங்கச்சி, ஆல்கஹால் ரொப்பிரு. நாளைக்குக் குளிருல பல்லு கிட்டும்னு ரேடியோல சொல்றான், சின்ன டேங்குல கொஞ்சம் பெட்ரோல். கண்ணாடித் தண்ணியும் பாத்துரு," என்றார்.

நான் ஒரு லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அன்று பாட்டுப் பாடவில்லை.

மறுநாள் செவ்வாய். வெயிலே வரவில்லை; தூறல், குளிர். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரரின் பிக்கப்பில் கயிறு கட்டி இழுத்தபடி அனேசியோவின் வண்டி பங்க்குக்குள் வந்தது. அவர் இறங்கிய வேகத்தில் தொப்பி விழுந்தது, எடுக்கக்கூட இல்லை.

"எங்க எல்வியோ? கூப்புடு அவனை! அவங்க அப்பன் காலத்துல இப்படி விஷம் வித்ததில்லடா!"

எல்வியோ அலுவலகத்திலிருந்து ஓடி வந்தான். காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள், காற்று அடிக்க வந்தவர்கள், ஒரு பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். விடியற்காலை நாலரைக்குச் சாவியைத் திருப்பியிருக்கிறார். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. பேட்டரி சாகும்வரை முயன்றிருக்கிறார். நகராட்சி வேனில் இடமில்லை. நெல்சி அன்றைய சுத்திகரிப்புக்குப் போகவில்லை. பத்து மணிக்கு மெக்கானிக் வந்து, முகர்ந்து பார்த்து, எரிபொருள்தான் கோளாறு, முழுதும் பிரிக்க வேண்டும், பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"சனிக்கெழமை சுத்தம் பண்ணது. காலு ரெண்டும் தூணு மாதிரி வீங்கிக் கெடக்கு. வியாழக்கெழமையும் விட்டா என்ன ஆகும்னு தெரியுமாடா உனக்கு?" அனேசியோ வண்டிக் கூரையில் கையால் அடித்தார். "எல்லாம் உன் முப்பது பர்சென்டு பெட்ரோலு!"

"பெரியவரே, உங்க வண்டி முழு ஆல்கஹால்ல ஓடுது. முப்பது பர்சென்டு அதை என்ன பண்ணும்?" என்றான் எல்வியோ.

"அது ஆலையிலேருந்து வர்ற சுத்தமான சாமான். இது நீங்க கலக்குறது! கலப்படம்! சோதிச்சுக் காட்டு!"

குடுவை வந்தது. ஸுலெய்டே வந்தாள். வழக்கம்போல, "ஐம்பது கோட்டுக்கு வந்ததும் நிறுத்தச் சொல்லுங்க அண்ணே," என்றாள். அவர் நிறுத்தச் சொன்னார். உப்புத் தண்ணீர் ஊற்றி, மூடி, பத்துத் தடவை கவிழ்த்தாள். கை மட்டும் அப்படி நிதானம். குடுவையை மேஜையில் வைத்துவிட்டு எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கால்மணி நேரத்தில்தான் ஊர் ஞானம் முழுதும் வெளியே வந்தது. ஒருவர், தன் மச்சானின் மோட்டார் சைக்கிள் ஆகஸ்ட் இரண்டாம் தேதியே செத்தது என்றார். ஒருவர், ஆல்கஹால் காற்றிலிருந்து தண்ணீரைக் குடிக்கும், தெரியுமா என்றார். இன்னொருவர், எண்பதுகளில் கார்புரேட்டரை ஆல்கஹால் எப்படி அரித்தது, வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது என்று கையால் உதிர்த்துக் காட்டினார். அது உண்மைதான். பிறகு உள்ளே நிக்கல் பூசினார்கள், ரப்பரை மாற்றினார்கள், அரிப்பு நின்றது. அந்தப் பின்பாதியைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. எனக்கு அலுப்பாக இருந்தது. எந்த வீட்டில் எது கெட்டாலும் குற்றவாளி தலைநகரத்தில் இருப்பது எவ்வளவு வசதி!

அனேசியோ அடங்கவில்லை. "சோதனை எதுக்கு, என்கிட்ட சாட்சி இருக்கு. காலையில கண்ணாடி பூரா பனி. தண்ணி அடிச்சுத் துடைக்கலாம்னு பட்டனை அமுக்குறேன், தண்ணி வர்ற எடத்துலயே பெட்ரோல் வாடை! வண்டி பூரா ஊறிப்போச்சு இவங்க சாமான்!"

கூட்டம் "ஓ" என்றது. பெட்ரோல் அவ்வளவு கெட்டதா என்று வியந்தார்கள்.

நான் ஸுலெய்டேயைப் பார்த்தேன். அவள் குடுவையின் பக்கம் நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடி துடைக்கும் டப்பாவில் பெட்ரோல் இருந்தால், சின்ன டேங்கில் என்ன இருக்கும்? அங்கே நின்ற பத்துப் பேரில் அது புரிந்தது அவள் ஒருத்திக்கு. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து எனக்கு.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க அண்ணே," என்று குடுவையை நீட்டினாள். குரலில் உயிரே இல்லை.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அறுபத்து நாலரை."

"பதினாலரை ஏறியிருக்கு. ரெண்டால பெருக்குங்க, இருபத்தொம்பது. ஒண்ணு கூட்டுங்க," என்றான் எல்வியோ. "முப்பது! கணக்கா முப்பது! எங்க கலப்படம்?"

கூட்டம் உடனே கட்சி மாறியது. பங்க் மேல் தப்பில்லை, சட்டம்தான் விஷம், எல்லாம் மேலே இருக்கிறவன் செய்கிற வேலை, ஏழை வண்டியைக் கொல்லத்தான் இந்த முப்பது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எல்வியோகூடத் தலையாட்டினான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள்; அது நடக்கும்போது எல்லோர் முகத்திலும் எவ்வளவு நிம்மதி வருகிறது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

ஸுலெய்டே என் கடைக்குள் வந்து, சுவரோரம் கிடந்த டிராக்டர் டயரின் மேல் உட்கார்ந்தாள். மத்தியானத்தில் அவள் இளைப்பாறுகிற இடம் அது.

"மாத்தி ஊத்திட்டேன் ஒஸ்மாரு."

"தெரியுது."

"ரெண்டு மூடியும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. தொட்டுப் பாத்து ஊத்துனேன். அவ்வளவு அசதி, மோந்து பாக்கத் தோணல."

நான் குரலைத் தணித்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். "அக்கா, பேசாம இருங்க. பழி சட்டத்து மேல போயிருச்சு. சட்டத்துக்கு வலிக்காது. நாலு மாசம்தானே? சாயங்காலம் நான் அவரு வீட்டுக்குப் போயி, பாக்குற மாதிரி பாத்து, ரெண்டு டப்பாவையும் காலி பண்ணிட்டு வந்துர்றேன்."

"மெக்கானிக் வண்டியை இழுத்துட்டுப் போகப் போறான். நீ சாயங்காலம் எதைப் பாப்ப?"

"அதுக்கு முன்னாடி..."

"நெல்சி வியாழக்கெழமை எதுல போவா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "உன் ரப்பர் குழாயை எடுத்துட்டு வா. ரெண்டு காலி பாட்டிலும்."

வெளியே போய், கூட்டத்தின் நடுவில் நின்று, "அனேசியோ அண்ணே, பானெட்டைத் தொறங்க," என்றாள்.

"எதுக்கு?"

"தப்பு சட்டத்துதும் இல்ல, பெட்ரோலுதும் இல்ல. என்னுது."

குழாயைச் சின்ன டேங்கில் விட்டு, வாயால் உறிஞ்சி, பாட்டிலில் இறக்கினாள். பளிங்கு மாதிரி தண்ணீர். அடுத்த டப்பாவிலிருந்து இறக்கியது மஞ்சளாய், வாடையோடு வந்தது. இரண்டு பாட்டிலையும் மேஜையில் குடுவைக்குப் பக்கத்தில் வைத்தாள். எண்பதுகளின் கார்புரேட்டரை உதிர்த்துக் காட்டியவர் மெதுவாகத் தன் வண்டியைப் பார்த்து நடந்தார்.

சின்ன டேங்கைக் கழுவித் துடைத்துப் பெட்ரோல் ஊற்றினோம். என் பழைய பிக்கப்பிலிருந்து பேட்டரிக்கு ஒயர் கொடுத்தேன். முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவையும் இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை போனதும் பழைய சத்தம் வந்தது. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை.

அனேசியோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பத்தாறு வருஷம் உன்கிட்ட மட்டும்தான் ஊத்தியிருக்கேன்," என்றார்.

"தெரியும் அண்ணே. நேத்து ரெண்டு ஷிப்ட் நின்னேன். அசதி."

அவள் சொன்னது பொய் இல்லை. பாதி உண்மை. மீதிப் பாதியை நானும் அவளும் விழுங்கிக்கொண்டோம். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

எல்வியோ திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் முகத்திலோ கல்யாணக் களை. பங்க்கின் பேர் தப்பித்ததே! "யானைக்கும் அடி சறுக்கும் அக்கா. முப்பத்தாறு வருஷத்துல ஒரு தடவை. வீட்டுக்குப் போய்ப் படுங்க, நாளைக்கு வாங்க," என்று தோளைத் தட்டினான். ஊரின் வாட்ஸாப் குழுவிலோ அன்று இரவுவரை, முப்பது சதவிகிதத்தால் செத்துப்போன அனேசியோவின் எஞ்சினுக்கு இரங்கல் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி ஓடுகிறது என்று நான் எழுதியதற்கு, "உனக்குப் பங்க்கில் கடை இருக்கிறது, நீ அப்படித்தான் சொல்வாய்," என்று பதில் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

கிளம்பும்போது ஸுலெய்டே என்னிடம் சொன்னாள்: "எல்லாரும் மன்னிச்சுட்டாங்க ஒஸ்மாரு. அதான் பயமா இருக்கு."

வியாழக்கிழமை விடியற்காலையில் வண்டி ஒரே உசுப்பில் கிளம்பியது என்று கேள்விப்பட்டோம். வெள்ளிக்கிழமை மாலை, வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே, அனேசியோ வந்தார். பக்கத்து இருக்கையில் நெல்சி, கம்பளி போர்த்திக்கொண்டு. முகம் மஞ்சளாக இருந்தாலும் வாய் குறையவில்லை.

"ஏன்டி ஸுலெய்டே, டாக்டர் எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணிதான்னு எழுதிக் குடுத்திருக்காரு. நீ என்னடான்னா வண்டிக்கு முக்கா லிட்டரு ஊத்தியிருக்க! எனக்கு ஊத்தக் கூடாதா?"

ஸுலெய்டே சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். அழுதாள் என்றும் சொல்லலாம்.

அனேசியோ இறங்கி, தானே பானெட்டைத் தூக்கி வைத்தார். அவர் கோபத்தை வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். "இங்க வா தங்கச்சி. அப்பரெசிதா மாதா கோவில்ல நெல்சிக்காக வேண்டிக்கிட்டு வாங்குன நாடா. மூடிக்கு ஒண்ணு கட்டியிருக்கேன். செவப்பு பெட்ரோலுக்கு, நீலம் தண்ணிக்கு. இனிமே நீ கண்ணை மூடிக்கிட்டுகூட ஊத்தலாம்!"

எல்லோரும் சிரித்தோம். எல்வியோ அலுவலக வாசலில் நின்று சிரித்தான். பெட்ரோல் கேனோடு ஸுலெய்டே குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. நான் ஓரடி முன்னால் வைத்தேன். "அந்த எடது பக்கம்" என்று விளையாட்டுப்போல ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அன்றையப் பொழுது ஓடியிருக்கும். வாயையும் திறந்தேன்.

"நீ சும்மா இரு ஒஸ்மாரு," என்றாள் திரும்பாமலே. பிறகு, எல்வியோவுக்குக் கேட்கும்படி, "அண்ணே, இதுல எது செவப்பு?" என்று கேட்டாள்.

அனேசியோ சிரித்துக்கொண்டே, "வெளிச்சம் பத்தலையா?" என்றார்.

"வெளிச்சம் இருக்கு. கண்ணுதான் இல்ல."

சிரிப்பு நின்றது. எல்வியோ படியிறங்கி வந்தான். "என்னக்கா சொல்றீங்க?"

"ரெண்டு வருஷமா தம்பி. புரை. குடுவையில கோடு தெரியாது எனக்கு. மீட்டர் தெரியாது. அன்னிக்கு அசதின்னு சொன்னேன், அசதிதான். ஆனா அசதி தீர்ந்தாலும் மூடி தெரியாது." வளாகத்துக்குள் அவனைத் தம்பி என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"பென்ஷனுக்கு நாலு மாசம்தானே இருக்கு அக்கா..." என்று இழுத்தான். என்ன சொல்ல வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"நாலு மாசத்துல எத்தனை மூடி தொறக்கணும் தம்பி?"

நான் பஞ்சர் கடைக்காரன். ஓட்டை எங்கே என்று தெரிந்தும் காற்று அடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு வருடம் அதைத்தான் செய்திருக்கிறேன். அங்கே நின்றவர்களில் அதிகம் வெட்கப்பட வேண்டியவன் நான்தான், வெட்கப்பட்டேன்.

அனேசியோ சிவப்பு நாடாவை அவிழ்த்தார். அதில் இரண்டு முடிச்சு போட்டு மறுபடி கட்டினார். ஸுலெய்டேயின் வெடித்த விரலைப் பிடித்து முடிச்சின் மேல் வைத்தார். "ரெண்டு முடிச்சு பெட்ரோலு. நீயே ஊத்து," என்றார்.

அவள் முடிச்சைத் தடவி எண்ணினாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. மூடியைத் திருகி, மறுபடி ஒருமுறை முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பானெட்டை இறக்கினாள். கேனை எல்வியோ கையில் கொடுத்தாள். தலையிலிருந்த பங்க் தொப்பியைக் கழற்றி அந்தக் கேன் மேலேயே வைத்தாள்.

பையை எடுக்க என் கடைப் பக்கமாக வந்தாள். வழியில் கிடந்த டிராக்டர் டயரில் முழங்காலை இடித்துக்கொண்டாள். லாரிக்கு இடம் வேண்டும் என்று அன்று காலையில்தான் அதைச் சுவரோரத்திலிருந்து உருட்டி அங்கே போட்டிருந்தேன். அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன்.